ஆறடித் தொட்டி

காலையில் மலை இறங்கினால் விளக்கு வைக்கும் முன் வீடு திரும்பிவிடுகிற என் பிரியமானவருக்கு,

உங்களுக்கு எழுதி எந்தத் தபாலில் போடுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. இதை யார் படித்தாலும் படிக்கட்டும், மறைக்க இதில் ஒன்றுமில்லை. நம் பண்ணைக்காட்டு ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். மீதிப் பேர் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

நேற்று உங்கள் தம்பி சவரிமுத்து நம் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு அடிவாரத்து வத்தலக்குண்டுக்குப் போய்வந்தான். பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டுதான் போனான். நீங்கள் போன பிறகு அந்த வண்டி எதையாவது இழுத்தது நேற்றுத்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே விளங்கும் போலிருக்கிறது.

நீங்கள் அந்த வண்டியைக் கொண்டுவந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் டிரைவராக இருந்த தோட்டத்தின் துரை சீமைக்கே திரும்பிப் போனபோது உங்களிடம் விட்டுப் போன வண்டி. முன்பக்கம் கார் மாதிரி, பின்பக்கம் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. கோயில் முன்னால் நிறுத்தி, சாமியாரை மந்திரிக்கச் சொல்லி, என்னை முன்சீட்டில் ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்கம் என்று நினைத்தீர்கள். சந்தோஷத்தில் அழுகை வந்தது, அதை மறைத்தேன். இதை உங்களிடம் சொன்னேனா? சொன்ன ஞாபகம் இல்லை.

அப்புறம் உலகச் சண்டை வந்தது. பெட்ரோல் கூப்பனுக்கு அளந்துதான் கிடைத்தது. தினமும் ஓடிய வண்டி வாரத்தில் இரண்டு நடைக்கு மேல் ஓட வழியில்லாமல் வாசலில் நின்றது. தார் வாங்கிக் கீழே சந்தைக்கு அனுப்புகிற கனி ராவுத்தர் கடைக்கு வந்து சேரும் வாழைத்தாரெல்லாம் உங்களை நம்பித்தான் வந்தன. ஒரு நடையில் இரண்டு நடைச் சுமை இறங்கினால்தான் நமக்கும் அவருக்கும் பிழைப்பு. அந்த நேரம் பார்த்துத் தொட்டியின் பலகையும் இற்றுப்போயிற்று. எப்படியும் புதுத் தொட்டி, பாடி என்பார்கள், கட்டியாக வேண்டும். எத்தனை அடி நீளம் கட்டுவது? நம் வீட்டில் அப்போது சோற்றுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் இருந்த பேச்செல்லாம் இது ஒன்றுதான்.

வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உயரமாக அடுக்கினால் ஆயிற்றே என்பார்கள். மலைவாழைத் தாரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. கீழே கிடக்கிற தார் நசுங்கிக் கறுத்துவிடும். சந்தையில் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆகையால் உயரத்தைக் கூட்டிப் பயனில்லை. பரப்பித்தான் வைக்க வேண்டும், தரைதான் கூட வேண்டும்.

வத்தலக்குண்டில் பாடி கட்டுகிற மாயாண்டி ஆசாரி, பின்னால் இரும்பு வைத்து நீட்டிப் பத்தடியாகவே கட்டிவிடலாம், எல்லாத் தாரும் ஒரே வண்டியில் போய்விடும், டிரெய்லர் எதற்கு என்றார். ஊரில் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். நீங்கள் மட்டும் ஆறடி போதும், மீதியை டிரெய்லரில் இழுத்துக்கொள்கிறேன் என்றீர்கள்.

ஏன் என்று நான் கேட்டதற்கு முறத்தை எடுத்து அடுப்படியில் கவிழ்த்து அதுதான் மலை என்றீர்கள். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முறத்தின் மூலையைச் சுற்றி ஓட்டினீர்கள். காம்பு திரும்பாமல் முட்டிக்கொண்டு நின்றது. “லூர்து, நீளமா இருந்தா வளைவுல ஒரே வீச்சுல திரும்பாது. பின்னால வாங்கித் திருப்பணும். பின்னால வாங்கும்போது வால் எங்க போகுதுன்னு பாரு” என்றீர்கள். அகப்பையின் வால் முறத்துக்கு வெளியே அந்தரத்தில் நின்றது. பிறகு தீப்பெட்டி இரண்டை நூலால் கட்டி இழுத்தீர்கள். இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக வளைந்து வந்தன. எனக்குச் சிரிப்பு. உங்களுக்கும்தான்.

இறக்கத்தில் பின்பெட்டி முன்பெட்டியைத் தள்ளாதா என்று கேட்டேன். தள்ளும் என்றீர்கள். அதை மறைக்கவில்லை. கியரைக் குறைத்து மெல்ல இறங்கினால் தாங்கும், அதற்கு நான் இருக்கிறேன் என்றீர்கள்.

ஆறடித் தொட்டி கட்டி, கீழே கொக்கி அடித்து, ஒரு பழைய கார் அச்சில் டிரெய்லரும் செய்து கொண்டுவந்தீர்கள். ஒரு வருஷம் ஆகப்போகிறது என்கிற வரைக்கும் எல்லாம் நல்லபடியாகவே ஓடியது. சவரிக்குக் கல்யாணம் செய்துவைத்தோம். மரியாள் வீட்டுக்கு வந்தாள்.

ஐப்பசி மழையில் அந்தக் காலை வந்தது. மழை விட்டிருந்தது, ரோடு காயவில்லை. மலைரோட்டின் பலாமரத்து வளைவில் இலையும் சேறும் விழுந்து கிடந்ததாம். பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னார்கள், நீங்கள் மிக மெல்லத்தான் இறங்கினீர்களாம். வளைவில் திரும்பும்போது டிரெய்லர் வழுக்கிப் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது. பிக்கப் மடங்கி, கைப்பிடிச் சுவரை இடித்துக்கொண்டு கீழே போய்விட்டது.

டிரெய்லர் போகவில்லை. கொக்கி முறிந்து ரோட்டிலேயே நின்றுவிட்டது. அதில் இருந்த தார்களில் ஒரு சீப்புக்கூட நசுங்கவில்லை. இதை எனக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டாம். ராவுத்தர் அந்தத் தார்களைச் சந்தைக்கு அனுப்ப மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார். அவை ரோட்டோரத்தில் பழுத்து, கறுத்து, உங்கள் முப்பதாம் நாள் பூசைக்குக் கீழிருந்து வந்தவர்கள் பார்த்தபோது குரங்குகள் தோலை இழுத்துக்கொண்டிருந்தனவாம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். “பாடி நீளமாக் கட்டியிருந்தா டிரெய்லரே வேண்டியிருந்திருக்காது. மனுசன் பொழச்சுக் கெடந்திருப்பாரு.” கோயிலில் சொன்னார்கள். கிணற்றடியில் சொன்னார்கள். ஆசாரியும் மலையேறி வந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, தான் பத்தடி என்று எவ்வளவோ சொன்னதாகச் சொல்லி அழுதார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு எனக்கு இதமாக இருந்தது. உங்கள்மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைத்தது. காலையில் எழுந்ததும் உங்களோடு சண்டை போடுவேன். ஊரே சொன்னது, ஆசாரி சொன்னார், ஒரு அகப்பையையும் முறத்தையும் வைத்து என்னை ஏமாற்றிவிட்டுப் போனீர்களே என்று கேட்பேன். கோபம் இருந்தவரை நீங்கள் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்று.

வண்டி வெகு ஆழத்துக்குப் போகவில்லை. கீழே ஒரு திட்டில் தங்கியிருந்தது. மாடுகளைக் கட்டி வடம் போட்டு ஏற்றி, ஆசாரியின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். தொட்டி சுக்குநூறாகியிருந்தது. டிரைவர் உட்காருகிற கூண்டு நசுங்கியிருந்தது. ஆனால் அடிச்சட்டம் நேராகவே இருக்கிறது, என்ஜினுக்கு ஒன்றுமில்லை என்று ஆசாரி சொல்லி அனுப்பினார். கூண்டை நிமிர்த்திவிட்டேன், பாடி எத்தனை அடி கட்டட்டும் என்றும் கேட்டிருந்தார்.

சவரி அந்தச் செய்தியோடு வந்து நின்றான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீங்கள் பழக்கிவிட்டது அது ஒன்றுதான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“வண்டிய நான் எடுக்கேன் மதினி. அளவ மட்டும் நீங்க சொல்லுங்க. எனக்குச் சொல்ல வாய் வரல” என்றான்.

பத்தடி என்று உடனே சொல்லிவிட்டேன். எத்தனையோ மாதமாக வாயில் வைத்திருந்த வார்த்தை. சொன்னபோது உங்களை ஜெயித்துவிட்ட மாதிரிகூட இருந்தது.

ஆசாரிதான் ஒரு யோசனை சொன்னார். பலகையை அறுத்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம், மூங்கிலைக் கட்டி வளைவில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றார். தொட்டி இல்லாத வெறும் வண்டியில், பத்தடி நீளத்துக்கு இரண்டு மூங்கிலைக் கட்டி, நுனி தெரிவதற்குச் சிவப்புத் துணியும் கட்டி, அவரும் சவரியும் கீழிருந்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நானும் போனேன். வர வேண்டாம் என்று மரியாள் கையைப் பிடித்தாள். நீங்கள் விழுந்த இடத்தை அதுவரை நான் இறங்கிப் பார்த்ததில்லை. இடிந்த சுவரைக் கல்லால் அடைத்திருந்தார்கள். புதுக்கல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

சவரி வளைவைத் தாண்டி மேலே போய்த் திருப்பிக்கொண்டு, நீங்கள் இறங்கிய மாதிரியே இறங்கி வந்தான். வளைவில் வண்டி திரும்பவில்லை. நீண்ட மூங்கில் பாறையில் இடித்து வளைக்க விடாததால் முன்சக்கரம் பாறைப் பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் வாங்கினான். மூங்கில் சுவரின்மேல் ஏறியது. இன்னும் கொஞ்சம் வாங்கினால்தான் முன்பக்கம் திரும்பும். வாங்கினான். சிவப்புத் துணி சுவரைத் தாண்டிப் பள்ளத்தின்மேல் போய்க் காற்றில் ஆடியது. அந்த மூங்கில் இருந்த இடத்தில் தொட்டி நிறையத் தார் இருந்திருந்தால்?

ஆசாரி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். சவரி கூண்டிலிருந்து இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். கழுத்தில் வேர்வை ஓடுவது எனக்குத் தெரிந்தது.

பிறகு மூங்கிலை ஆறடியில் அறுத்தார்கள். மறுபடி மேலே போய் இறங்கி வந்தான். ஒரே வீச்சு. எங்கேயும் முட்டாமல் வண்டி திரும்பிக் கீழே போய் நின்றது.

ஆசாரி ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “தப்பாச் சொல்லிட்டு அலைஞ்சிட்டேம்மா. நான் சொன்ன மாதிரிக் கட்டியிருந்தா மொத வாரத்துலயே போயிருப்பாரு. இந்த ரோட்டுக்கு அவர் வச்சதுதான் அளவு” என்றார்.

அவர் நல்லதுதான் சொன்னார். உங்கள் பேரிலிருந்த பழியை எடுத்துவிட்டதாக நினைத்துச் சொன்னார். நான் அந்தப் புதுச்சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

நீங்கள் தப்புச் செய்திருக்கக் கூடாதா? ஒரு அடி, இரண்டு அடி, ஏதாவது ஒன்று பிசகியிருக்கக் கூடாதா? பிசகு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மீதி நாளை ஓட்டியிருப்பேன். நீளமாக வைத்தால் வால் பள்ளத்துக்குப் போகும். குட்டையாக வைத்தால் பின்னால் வருவது தள்ளும். இரண்டையும் பார்த்து, இரண்டில் ஆபத்துக் குறைந்ததை எடுத்தீர்கள். சரியாகத்தான் எடுத்தீர்கள். சரியாக எடுத்தும் போனீர்கள் என்றால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது பக்கத்து அறையில் நீங்கள் இல்லை. அன்றைக்குத்தான் நீங்கள் செத்துப்போன மாதிரி இருந்தது எனக்கு.

ஆறடியே கட்டச் சொன்னேன். ஆனால் கொக்கி வேண்டாம் என்றேன். ஆசாரி என்னைப் பார்த்தார், சவரியைப் பார்த்தார், சரி என்றார்.

கொக்கி இல்லாத வண்டியை வைத்துச் சவரி ஒரு கோடைகாலம் ஓட்டிப் பார்த்தான். கூப்பன் பெட்ரோலுக்கு ஆறடித் தொட்டி கொள்கிற தார்தான் இறங்கியது. ராவுத்தர் நல்ல மனுஷர், முடிந்தவரை பொறுத்தார். ஒருநாள் வாசலில் வந்து நின்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “கோவிச்சுக்காதீங்கம்மா. தார் மரத்துலயே பழுத்து விழுகுது. பாதிச் சுமைய மட்டக்குதிரைக்காரங்ககிட்ட விட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். நம் தோட்டத்துத் தாரையே நான் வெட்டாமல் விட்டேன். வெட்டி என்ன செய்ய? நீங்கள் நட்ட கன்றெல்லாம் இந்த வருஷம்தான் நன்றாகக் குலை தள்ளியிருந்தது. வௌவாலுக்குப் போயிற்று.

வீட்டில் ஒருவேளை கேழ்வரகுக் கூழ் என்று ஆகிவிட்டது. மரியாள் முழுகாமல் இருக்கிறாள். இதையும் உங்களுக்கு இப்போதுதான் சொல்லுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். அவளுக்குக் கூழ் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு வைத்ததையும் அவளுக்கே ஊற்றுவேன். அவள் அதைச் சவரிக்கு எடுத்து வைப்பாள். அவன் பசியில்லை என்பான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

போன வாரம் சவரி கீழே போனவன் வண்டியோடு திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டான். தொட்டிக்குக் கீழே புதிதாகக் கொக்கி இருந்தது. முன்பிருந்ததைவிடத் தடிமனான இரும்பு. என்னிடம் கேட்காமல் அடித்துக்கொண்டு வந்துவிட்டான். திட்டுவேன் என்று நினைத்துத் தயாராக நின்றான்.

“கேட்டா வேண்டாம்பீங்கன்னுதான் கேக்கல மதினி. இப்படியே போனா புள்ள பொறக்கிறப்ப இவளுக்கு உடம்புல ரத்தம் இருக்காது. அண்ணன் என்ன செஞ்சாரோ அதையேதான் நானும் செய்யணும். வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க, அதைச் செய்யுதேன்.”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மழைக்காலத்தில் மட்டும் கட்டாதே என்றேன். சரி என்றான். மழைக்காலத்தில் நாம் என்ன சாப்பிடுவது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மரியாள் என்னிடம் வந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒன்றை எடுத்து மடித்தாள். “அக்கா, அத்தான் அளவு பெசகினதாலதான் அப்படி ஆச்சுன்னு ஊருல சொல்றாக. இவரு சரியா அளந்துருக்காருல்ல?” என்று கேட்டாள்.

தொட்டியை அவள் அளந்து பார்த்தவளில்லை, அதே ஆறடிதான் என்று அவளுக்குத் தெரியாது. வளைவில் நடந்ததைச் சவரி அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பேச்சு அவளுக்கும் இதமாக இருக்கிறது. அத்தான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, என் புருஷன் அதைச் செய்யமாட்டான் என்று அவள் தைரியமாக இருக்கிறாள். நான் அவளைப் பார்த்து, அடுப்பில் தண்ணீர் காய்கிறதா பார் என்று அனுப்பிவிட்டேன்.

நேற்று விடியற்காலம் வெள்ளனே சவரி டிரெய்லரைக் கட்டினான். தார்களை வைக்கோல் பரப்பி அடுக்கினான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான். டிரெய்லரின் தகரம் அடிக்கிற சத்தம் ரோட்டில் வெகுதூரம் கேட்டது. சத்தம் நின்ற பிறகும் மரியாள் உள்ளே வரவில்லை. நான் வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஜெபமாலையை எடுத்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டேன். உங்களுக்காகக் கேட்காத நாளே இல்லையே, அன்றைக்கும் கேட்டுத்தானே அனுப்பினேன்?

அவன் திரும்பி வந்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. எல்லாத் தாரும் நல்ல விலைக்குப் போயிற்றாம். அரிசி வாங்கி வந்திருந்தான். மரியாள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்க் கையிலிருந்த பையை வாங்கினாள். வெகு நாளைக்குப் பிறகு நம் வீட்டில் சோறு கொதிக்கிற வாசனை வந்தது. எனக்கும் போட்டார்கள். சாப்பிட்டேன்.

அவர்களோடு சேர்ந்து சிரிக்க எனக்கு முடியவில்லை. நீங்களும் இப்படித்தான் வந்தீர்கள். ஒரு வருஷம் ஆகப்போகிறது என்கிற வரைக்கும் ஒவ்வொரு நடையும் இப்படித்தான் வந்தீர்கள். நாளை மறுநாள் அவன் மறுபடி இறங்குவான். அதற்குப் பிறகும் இறங்குவான். அந்த ரோடு இருக்கிற மாதிரியேதான் இருக்கும். பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சோறு வேண்டும். கர்த்தர் எங்களுக்கு வைத்திருக்கிற அளவு இதுதானா? உங்களிடம்தான் கேட்கிறேன்.

மரியாள் இன்னொரு தடவை கேட்பாள். அன்றைக்கு அவளை அடுப்படிக்கு அனுப்பமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஊர் எனக்குச் சொன்ன ஆறுதலை நான் அவளுக்குச் சொல்லமாட்டேன். உன் அத்தான் சரியாகத்தான் அளந்தார், உன் புருஷனும் அதையேதான் அளந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்டால் அவள் பயந்துபோவாள். பயப்படட்டும். வண்டி இறங்குகிற ஒவ்வொரு நாளும், அது மேலே வருகிறவரைக்கும் அவளோடு நானும் ரோட்டில் நிற்பேன். வராமல் போனாலும் அவள் பக்கத்தைவிட்டு நகரமாட்டேன். எனக்கு அன்றைக்கு அப்படி நிற்க யாரும் இல்லை.

உங்களிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிற,
உங்கள் மனைவி,
லூர்தம்மாள்.